தலை இல்லாத வரைபடம்

இந்த நகரத்தில் நான் எந்த ஊர்க்காரி என்பதை மற்றவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். மயிலாப்பூர்க் குளத்தடியில் கீரை விற்கிற அம்மா, "மலையாளமாம்மா?" என்கிறார். ஆட்டோக்காரர், "நாகர்கோவில் சைடா மேடம்? பேச்சு அப்டித்தான் கீது" என்கிறார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். வந்த புதிதில் வெட்கமாக இருந்தது. இப்போது கேள்வி முடியுமுன்பே தலை ஆடிவிடுகிறது. யாழ்ப்பாணம் என்று ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் அடுத்த மாதமே போர்ஷனைக் காலி செய்யச் சொன்னார். "உங்க மேல தப்பில்லம்மா. போலீஸ் வந்து வாசல்ல நிக்கும், நமக்கெதுக்கு வம்பு?" பாவம், அவருக்கும் பயம். பயத்தைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தரவா வேண்டும்!

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவுக்குள் நடக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு 'சோஷியல்' எடுக்கிறேன். ஊரில் சமூகக்கல்வி என்று படிப்பித்தேனே, அதேதான். மகள் தர்ஷினியும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். பள்ளிக்குள் நான் அவளுக்கு 'மிஸ்'. வீட்டில் "ஓம் அம்மா" என்கிற பிள்ளை, கேற்றைத் தாண்டியதும் "ஆமா மிஸ்" என்று மாறிவிடுவாள். தகப்பன் கனடாவில். அவர் எங்களை அங்கே கூப்பிட்டு எடுக்கும்வரை காவல் நிலையத்தில் ஒழுங்காகப் பதிந்துகொண்டு, ஒரு வம்பிலும் மாட்டாமல் இருக்கவேண்டும். என்மேல் ஒரு புகார் போனால் போதும், அகதிகளைப் பூட்டிவைக்கிற சிறப்பு முகாமில் அடைத்துவிடுவார்கள். பிள்ளை தெருவில் நிற்பாள். கனடாவிலும் லண்டனிலும் இதை வாசிக்கிறவர்களுக்குக் குளிர் எப்படியோ, எனக்கு இந்தப் பயம் அப்படி. எதை உடுத்தினாலும் உள்ளே வந்துவிடுகிறது.

இப்படி இருக்கிறவளைக் கூப்பிட்டுத்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருநாள் சொன்னார்: "லோகமே இப்போ இன்டர்நெட்ல இருக்கு. நாம மட்டும் புஸ்தகத்தை வச்சுண்டு உருப்போட்டுண்டிருந்தா எப்படி? நீங்க அதுலேர்ந்து எடுத்து நடத்துங்கோ." மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷி, நல்லவர், என்னிடம் அதிகம் கேள்வி கேட்காமல் வேலை தந்தவர். மறுக்க முடியுமா? அடுத்த பாடம் பருவக்காற்று. அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. தேடித் தேடி, அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பக்கத்தில் காற்று வீசும் திசைக்கெல்லாம் அம்புக்குறி போட்ட இந்திய வரைபடம் கிடைத்தது. படம் மேலேயிருந்து கீழே, ஒவ்வொரு கீற்றாக இறங்கியது. "இன்னா மேடம், இன்னும் வர்லியா? படம்னா லேட்டாத்தான் ஆவும், குந்திகினு இருங்க" என்றார் கடைக்காரர். நான் குந்திக்கொண்டுதான் இருந்தேன், கண்ணை எடுக்காமல், படத்தின் அடிப்பக்கம் எப்போது வரும் என்று. அங்கேதானே எங்கள் தீவு வரும். வந்தது. கடலில் ஒரு சொட்டு மாதிரி, மேல்முனையில் எங்கள் குடாநாட்டின் கோணல்கூடத் தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. படத்தின் மேல்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

பள்ளி அலுவலகத்தில் ஆளுக்கொன்றாக ஜெராக்ஸ் எடுத்து, வழக்கப்படி ஒவ்வொன்றிலும் பள்ளி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கடைசிப் பீரியட். அமெரிக்காவிலிருந்து வந்த படம் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். தென்மேற்கு அம்பின்மேல் விரலை வைத்து, கேரளத்தில் முதலில் மழை ஏன் பெய்கிறது என்று அவர்களே சொன்னார்கள். இத்தனை வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு அதுதான். அப்போது முன்வரிசை நித்யா எழுந்தாள்.

"மிஸ், இண்டியாவுக்குத் தலையைக் காணோம்!"

வகுப்பே சிரித்தது. நான் குனிந்து பார்த்தேன். காஷ்மீர் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளிக்கோடுகள். பாதித் தலை பக்கத்து நாட்டோடு சேர்ந்து கிடந்தது. இங்கே வரும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இப்படியொரு படம் இருந்தால், எல்லை சரியில்லை என்று அரசாங்கம் அதன்மேல் முத்திரை குத்தியிருப்பதை நூலகத்தில் பார்த்திருக்கிறேன். என் படத்திலும் முத்திரை இருந்தது, பள்ளிக்கூடத்தின் முத்திரை. அம்மாளாச்சி! "எங்கப்பா கிட்ட காட்டணும் மிஸ்" என்று நித்யா சொன்னதும் மணி அடித்ததும் ஒன்றாக நடந்தன. படங்களெல்லாம் பைக்குள் போய், பைகளெல்லாம் கேற்றைத் தாண்டிவிட்டன. நித்யாவின் அப்பா சப்-இன்ஸ்பெக்டர்.

ஊரில் நான் படித்த காலத்தில் எங்கள் ரீச்சர் மட்டையில் வெட்டிய இலங்கைப் படம் ஒன்றை வகுப்பு முழுக்கச் சுற்ற விடுவார். கொப்பியில் வைத்து விளிம்போடு பென்சிலை ஓட்டவேண்டும். ஓட்டி ஓட்டி, மட்டை இல்லாமலே கை தானாகப் போகப் பழகிவிட்டது. பின்னாளில் நான் ரீச்சரானபோது மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. இருட்டிலும் என்னால் அந்தத் தீவை வரைய முடிந்தது. இங்குள்ள பிள்ளைகளுக்கு இந்தியா அப்படி. தலையில் ஒரு கீறல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். என் கைக்கு அது தெரியாது. அதுதான் நடந்தது. ஆனால் போலீசிடம் போய் இதை எப்படிச் சொல்வது? பிறநாட்டுக்காரி, அதுவும் இலங்கைக்காரி, இந்தியாவின் தலையை வெட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறாள் என்றுதானே எழுதுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தர்ஷினியின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினேன். தகப்பனின் தொலைபேசி எண்ணைப் பாடமாக்கச் சொன்னேன். "ஏன் அம்மா அழுறியள்?" என்றாள். "வெங்காயம்" என்றேன். அடுப்பு மூட்டவே இல்லை. பிள்ளை எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் நித்யாவின் அப்பா யூனிபோர்மிலேயே பள்ளிக்கு வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் வெளியே போயிருந்த நேரம். ஆபீஸ் அறையில் அவரும் நானும் மேசைமேல் விரித்த படமும்.

"டீச்சர், இது எங்க எடுத்தது?"

"இன்டர்நெட்ல, சார். பருவக்காற்றுக்காக. மேல கவனிக்காமல் விட்டுட்டேன்." சென்னைத் தமிழில் பேசிவிடவேண்டும் என்று நினைத்தேன், பாதி வழியில் நாக்கு ஊருக்குப் போய்விட்டது.

அவர் நிமிர்ந்தார். "சொந்த ஊரு?"

தலை ஆடிப் பழகியதுபோல வாயும் தானாகச் சொன்னது: "நாகர்கோவில்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஊரா! எங்க? வடசேரியா, கோட்டாறா?"

கடவுளே, இந்தச் சென்னையில் இத்தனை போலீஸ்காரர் இருக்க, எனக்கென்று நாகர்கோவிலிலிருந்தா ஒருவர் வரவேண்டும்! "வடசேரி" என்றேன்.

"வடசேரில எந்தத் தெரு?"

நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரல் மெல்லப் படத்தில் இறங்கிக் கன்னியாகுமரியில் நின்றது. பிறகு கடலைத் தாண்டி அந்தச் சொட்டின் பக்கத்தில் வந்து நின்றது. விரலை எடுத்துக்கொண்டார்.

"நித்யா உங்க கிளாஸ் நல்லாருக்குன்னு சொல்லுதா," என்றார் கடைசியில். "உங்க பொண்ணும் அவகூடத்தான் படிக்காளாம். எல்லா காப்பியையும் வாங்கிக் கிழிச்சிருங்க டீச்சர். வேற யாரு கையிலயாவது சிக்கிச்சுன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது." நித்யாவின் படத்தை அவரே நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தொப்பியை மாட்டியபடி போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

படங்களை வாங்கிவிட்டேன், ஒன்றைத் தவிர. பாட்டி பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள் என்றான் ஒரு பையன். அன்றிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் வாங்கினால் தின்னுமுன் பொட்டலத் தாளைப் பிரித்துப் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள். பள்ளி முத்திரையோடு அந்தத் தாள் இந்த நகரத்தில் எங்கேயோ இருக்கிறது.

இப்போது இன்டர்நெட்டில் மலையும் நதியும் மட்டும் எடுக்கிறேன். வரைபடம் என்றால் கடையில் விற்கிற அச்சிட்ட தாள்தான். தலை முழுதாக இருக்கும். இந்தியாவை நானும் கரும்பலகையில் வரைந்து வரைந்து பழகிவிட்டேன், தலையிலிருந்துதான் தொடங்குவேன். போன வாரம் பிள்ளைகள் மாநிலங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வரிசைகளுக்கிடையே நடந்தேன். தர்ஷினி தமிழ்நாட்டைப் பச்சையால் வடிவாக நிரப்பிவிட்டு, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த தீவின்மேல் பென்சிலை வைத்தபடி கையைத் தூக்கினாள்.

"மிஸ், இதுக்கு என்ன கலர் குடுக்கணும்?"

சுத்தமான சென்னைத் தமிழ். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது, நித்யாவும்தான்.

"அது வேண்டாம்மா," என்றேன். "அது நம்ம பாடத்துல இல்ல."

"சரி மிஸ்" என்று பென்சிலை எடுத்துவிட்டாள். நான் மேசைக்குத் திரும்பிப் போய், கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டேன்.