ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ

போன வாரம் ஆங் மோ கியோவில் ஒரு கல்யாண விருந்துக்கு நூர்ஜஹானோடு காரில் போய்க்கொண்டிருந்தேன். அவள் மகன்தான் ஓட்டினான். திடீரென்று அவன் முன்னால் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு, கூடவே கீச் கீச்சென்று சத்தம். "கூலன்ட் லோ, அங்கிள், இஞ்சின் தண்ணி கொறைஞ்சிருக்கு. நாளைக்கு வர்க்ஷாப்ல பாத்துக்கலாம் லா" என்று பையன் பாட்டுக்கு ஓட்டினான். பின்சீட்டிலிருந்து நூர்ஜஹான், "நிப்பாட்டுடா!" என்று போட்ட போட்டில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரன் பேத்தி எடுத்தவள். ஆனால் அந்தக் குரல் அவளுடைய ஆறு வயதுக் குரல். அதை அடையாளம் தெரிந்தவன் அந்தக் காரில் நான் ஒருவன்தான்.

ஓரங்கட்டி, முன்மூடியைத் தூக்கியதும் சூடான இரும்பு வாசனை குப்பென்று அடித்தது. அந்த வாசனை இருக்கிறதே, அது என்னை நேரே காதர் பாயின் பச்சை வேனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு ரேடியோ கடையில் நான் வயர்மேன். வேலை பாதி, வாய் பாதி. காதர் பாய் நூர்ஜஹானின் தகப்பனார். பல வருடம் பஸ் ஓட்டிவிட்டு, சொந்தமாகப் பிழைக்கலாம் என்று ஒரு கிழட்டு வேனை வாங்கியிருந்தார். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மத்தியானம் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி. அந்த வேனைப்போலத் தண்ணீர் குடிக்கிற வண்டியை நான் பார்த்ததில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதும் தெரியாது, சூடு ஏறுவதும் தெரியாது. புக்கித் தீமா மேட்டில் ஒருநாள் கொதித்து இஞ்சினே விரிசல் விட்டது. லாவெண்டர் ஸ்திரீட் மெக்கானிக் ஆ செங் அதை ஒட்டவைத்துக் கொடுத்துவிட்டு மலாயில் சொன்னான்: "லாகி சத்து காலி, மாத்தி லா." இன்னொரு தரம் ஆனால் செத்தது என்று அர்த்தம்.

பாய்க்குத் தூக்கம் போய்விட்டது. ஊரிலிருந்து பெண்சாதியும் மகளும் கப்பலேறப் போகிற சமயம். மகள் வயிற்றில் இருக்கும்போது வந்த மனிதர், அவள் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். "வண்டி போச்சுன்னா வர்றவங்களுக்கு எதைக் கொண்டு சோறு போடுவேன், தம்பி?" என்றார்.

சும்மா இருப்பேனா நான்? தண்ணீர் குறைந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று மார்தட்டினேன். மீன்வலைத் தக்கை ஒன்று, அதன்மேல் பித்தளைத் தகடு. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் தக்கை மிதக்கும். தண்ணீர் இறங்கினால் தக்கையும் இறங்கும், தகடு போய் வயரைத் தொடும், பேட்டரியிலிருந்து கரண்ட் பாய்ந்து மணி அடிக்கும். ஆ செங் துளை போட்டு ஈயம் வைத்தான். மணியை சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் பொறுக்கினேன். உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து கழற்றிய மணி, கணீரென்று இருந்தது. யாருக்கு என்ன மணி வாங்குகிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா, மேதாவி!

அன்றைய பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மணி அடித்தால் நிறுத்தணும், இரண்டு மணி அடித்தால் போகணும். நின்ற வண்டியில் சோதித்தபோது என் மணி அழகாக 'டிங்' என்றது. ஓடுகிற வண்டியில் தண்ணீர் தளும்பி, தக்கை குதித்து, 'டிங் டிங்' என்றது. பாயின் கால் அப்படியே எண்ணெயை மிதித்தது; ஆக்சிலேட்டருக்கு எங்கள் பேச்சில் எண்ணெய். "ஐயோ பாய், தண்ணி இல்லன்னு அடிக்குது!" "தெரியுது தம்பி, காலு கேக்க மாட்டேங்குதே!" சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வேறு மணி மாற்றலாம் என்பதற்குள் கப்பல் வந்துவிட்டது.

துறைமுகத்தில் அந்தச் சின்னப்பெண் உம்மாவின் துப்பட்டிக்குள் ஒளிந்துகொண்டாள். பாய் நீட்டிய பிஸ்கட் டின்னைத் தொடவில்லை. "உன் வாப்பா இவங்கதான்மா, வாப்பான்னு கூப்பிடு" என்று தாய் கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. "புது ஆளுதானே, பழகட்டும்" என்று பாய் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்காரவும் மாட்டேன் என்று பின்னால் என்னோடு டிரங்குப் பெட்டிமேல் ஏறிக்கொண்டாள். வேடிக்கைக்காக மணியின் கதையைச் சொன்னேன்: "அது அடிச்சா வண்டிக்குத் தாகம்னு அர்த்தம். உடனே நிப்பாட்டணும்."

எப்போதும் மறக்காத மனிதர் அன்றைக்குச் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 'டிங் டிங்'. பாய் பெண்சாதியிடம் புது வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே எண்ணெயை மிதித்தார். நான் கத்தியது இஞ்சின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அதற்குள் அந்தப் பிள்ளை எழுந்து, பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "வாப்பா! நிப்பாட்டுங்க வாப்பா! வண்டிக்குத் தாகமாம்!" என்று வீறிட்டது.

அடித்தார் பாருங்கள் பிரேக், டிரங்குப் பெட்டி என்மேல். முன்னால் ஆவி கிளம்புகிறது. பாய் அதைப் பார்க்கவே இல்லை. திரும்பி, "என்னம்மா சொன்னே?" என்றார்.

"வண்டிக்குத் தாகமாம்."

"அதுக்கு முன்னாடி, ராசாத்தி. அதுக்கு முன்னாடி என்ன சொன்னே?"

நான் காப்பிக்கடையில் வாளி கேட்க ஓடினேன். வாளியோடு வந்தபோதும் அவர் இறங்கவில்லை. கண் துடைத்துக்கொண்டிருந்தார், மகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். சூடு ஆறவிட்டு ஊற்றினோம். இஞ்சின் பிழைத்தது. பிறகு நான் வேறு மணி கொண்டுபோனபோது பாய் மாற்ற விடவில்லை. "இதே இருக்கட்டும், தம்பி. எனக்குத்தான் ஆள் இருக்கே" என்றார். பள்ளிக்குப் போகும்போது அவள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் உட்காருவாள்.

பச்சை வேன் இரும்புக்குப் போனது. கண்டக்டர்கள் போனார்கள், ஊர்க் கப்பல் போனது, சுங்கை ரோட்டுச் சந்தையும் போய்விட்டது. பாயும் போய் வெகுகாலமாகிறது.

பையன் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காரை எடுத்தான். விளக்கு அணைந்திருந்தது. நூர்ஜஹான் முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நான் கத்துனப்போ வாய்வரைக்கும் வாப்பான்னுதான் வந்துச்சு."

"தெரியும்மா" என்றேன். அந்த வார்த்தைக்கு பிரேக்கை மிதித்த கால்தான் இப்போது இல்லை.