வெல்டர் கும்சூக்கின் செத்துப்போன அட்டை

தோ கும்சூக்கைப் பற்றித் தென்கொரியாவின் சாங்வோன் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும், வாய் நீளம், கை சுத்தம் என்பார்கள். இருபத்தாறு வருடம் அணு உலையின் ராட்சத எஃகுக் கலங்களுக்கு வெல்டிங் வைத்தவள். அப்புறம் அரசாங்கம் அணு உலையே வேண்டாம் என்றது. கும்சூக் ஐந்து வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் நறுக்கினாள்.

அரசாங்கம் மாறியது, பேச்சும் மாறியது. வெளிநாட்டுக்கு உலை விற்பவர்களுக்குக் கடன் உண்டு, பயிற்சி உண்டு, பாராட்டும் உண்டாம். தொழிற்சாலை அவளைத் திரும்பக் கூப்பிட்டது. வாசலில் அவள் முகத்தை ஆளுயரத்துக்கு மாட்டி, ‘ஏற்றுமதியின் பொற்கை’ என்று எழுதியும் வைத்தார்கள். ஆனால் ஆறு மாதம் வெல்டிங் தொடாதவரின் தகுதி அட்டை செத்துவிடும். எந்தக் கொம்பனும் மறுபடி சோதனைக்கு உட்கார வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சோதனைத் தகட்டில் வெல்டிங் வைத்தாள். மறுநாள் ஆய்வாளர் பியோ எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்தான்.

“அக்கா, நீங்களே பாருங்க.”

நடுவில் கடுகு தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். அத்தனையும் வெல்டிங்குக்குள் விழுந்த காற்று ஓட்டை.

“எவனோடதையோ மாத்தி எடுத்துட்டியாடா?”

“உங்க நம்பர்தான். ஒரு மாசம் பழகிட்டு வாங்கக்கா.”

வியாழக்கிழமை அமைச்சர் காமிராக்காரர்களோடு வந்து இறங்கினார். மேனேஜர் நாம்குங் அவளை இழுத்துப்போய் ஏற்றுமதிக் கலத்தின் முன்னால் நிறுத்தினான்.

“ஒரே ஒரு பொறி போதும்கா.”

“நெசக் கலத்துலயா? நேத்துத்தான்யா ஃபெயிலானேன்!”

“போட்டோவுக்குத்தானே? யாரு பாக்கப் போறா?”

அறுபது வருடம் ஓட வேண்டிய கலம். இந்த ஆளுக்கு என்ன கிறுக்கா? கும்சூக் நேரே அமைச்சரிடமே திரும்பினாள்.

“ஐயா, என் அட்டை செத்துப்போச்சு. நான் இதைத் தொடக் கூடாதுங்க.”

“என்ன அடக்கம் பாருங்க!” என்று அமைச்சர் சிரித்தார். கூட்டம் கை தட்டியது.

செவிடன் காதில் ஊதிய சங்கு. கும்சூக் முகமூடியை இறக்கிக்கொண்டாள். வெல்டிங் டார்ச்சைக் கலத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள், பொத்தானை அழுத்தவில்லை. படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் பியோ பத்திரிகையோடு ஓடிவந்தான்.

“அட்டை செத்தவங்க கை வெச்ச கலம்னு வாங்குற நாட்டுக்காரங்க அதை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க. என்னக்கா பண்ணிட்டீங்க?”

முதல் பக்கத்தில் அவள். டார்ச்சின் நுனியிலிருந்து பொறி மத்தாப்பாகக் கொட்டியது. எந்தப் பாவியோ கம்ப்யூட்டரில் ஒட்டிய பொறி.

“நான் பொறி அடிக்கலடா! சத்தியமா அடிக்கல!”

பியோ படத்தைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

“திட்ட மாட்டேன்கா. எந்த இடத்துல தொட்டீங்க, அதை மட்டும் சொல்லுங்க.”