சுண்ணாம்பு தடவிய கல்

பன்னிரண்டாவது வார்டில் வள்ளியம்மையைத் தவிர எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கவுன்சிலர் பர்வின் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் மோர் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனாள். மோர் கொடுப்பதில் வள்ளியம்மை ஒரு குறையும் வைக்க மாட்டாள். பேனாவை நீட்டினால்தான் முகம் மாறிவிடும்.

“ரோட்டுல நெல்லு காய வைக்க வேண்டாம், சுத்தி கல்லு வைக்க வேண்டாம்னு ஜனங்ககிட்ட சொல்றோம்க்கா. அதுக்குப் பதிலா பேரூராட்சி ஒரு சிமெண்ட் களம் கட்டித் தரணும். பள்ளிக்கூடத்து வளைவுல வேகத்தடை போடணும். அவ்வளவுதான் எழுதியிருக்கு,” என்றாள் பர்வின்.

“எழுதியிருக்கறது அவ்வளவுதாம்மா. எழுதாம மனசுல வச்சிருக்கறது எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பர்வின் சிரித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று வள்ளியம்மை அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய சந்தேகத்துக்கு ஊரில் பெயர் உண்டு. கேஸ் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே தராசில் தொங்கவிடச் சொல்லுவாள். கண் பரிசோதனை முகாமுக்குக் கூப்பிட்டால், சும்மா பார்க்கிறவன் எதையோ எடுத்துக்கொள்ளத்தான் பார்க்கிறான் என்பாள். பேராவூரணியில் கட்டிக்கொடுத்த மகள் போனில் “உடம்பு நல்லாருக்கியாம்மா?” என்று கேட்டால்கூட, “என்ன வேணும், சுத்தி வளைக்காம சொல்லு” என்பாள். அந்தப் பெண் எத்தனை நாள் அழுதிருக்கிறதோ.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிடவில்லை. புருஷன் இறந்த பதினாறாம் நாள், அவனுடைய அண்ணன் ஒரு காகிதத்தை நீட்டி, வாரிசுச் சான்றிதழுக்கு என்று கையெழுத்து வாங்கினான். வள்ளியம்மைக்கு அப்போது இருபத்தைந்து வயது. எட்டாவது வரை படித்தவள்தான்; ஆனால் அழுது வீங்கிய கண்ணோடு எதைப் படிப்பாள்? அது விடுதலைப் பத்திரம். புருஷனுடைய பங்கு நிலம் முழுக்க ஒரே கையெழுத்தில் போயிற்று. அதற்குப் பிறகு ரேஷன் கடைக்கும் பாங்குக்கும் தவிர அவள் எந்தக் காகிதத்திலும் பேனா வைக்கவில்லை. ஐம்பத்துமூன்று வயதாகிறது.

உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஆள் ஒருத்தர்தான். பஞ்சாபகேசன் சார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய ஒன்றரை ஏக்கரைத்தான் இருபத்தோரு வருஷமாக அவள் குத்தகைக்குச் செய்கிறாள். பத்திரம் கிடையாது, சீட்டு கிடையாது. “நீயே பண்ணு வள்ளியம்மை” என்றார் ஒருநாள்; அவள் பண்ணினாள். குத்தகை நெல் அளக்கும்போது அவர் ஒருநாளும் வந்து நின்றதில்லை. ஆரம்பத்தில் இதில் என்ன சூது இருக்கிறதோ என்று இரண்டு வருஷம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்புறம் அவளே அலுத்துப்போய் நம்பிவிட்டாள்.

அவருடைய மகன் வெங்கி வேறு மாதிரி. பெங்களூரில் வேலை. வரும்போதெல்லாம் வரப்பில் நின்று செல்போனில் படம் எடுப்பான். விற்று மனை போட்டால் என்ன விலை போகும் என்று அவன் கேட்டது அவள் காதிலேயே விழுந்திருக்கிறது. அப்பா இருக்கும்வரைதான் நிலம், அப்பாவின் வாய்ச்சொல் இருக்கும்வரைதான் தன் சோறு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஐப்பசியில் குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்தே வந்தன. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். வெயில் எட்டிப் பார்த்தால் ஊரே நெல்லைத் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கு ஓடியது. பாதிச் சாலையில் நெல், அதைச் சுற்றிக் கல், மீதிப் பாதியில் பஸ்ஸும் லாரியும் பைக்கும். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் நெல்லில் சறுக்க வேண்டியதுதான்.

பர்வின் ஒரு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினாள். “நெல்லு அள்ளிட்டுக் கல்ல அப்படியே விட்டுட்டுப் போயிடாதீங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாள். வள்ளியம்மை காலால் நெல்லை அளைந்துகொண்டே கேட்டாள். இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை? யோசித்தபோது பொறி தட்டியது. பர்வினின் வீட்டுக்காரன் ஃபாஜில் சவுதியிலிருந்து திரும்பி வந்து கடைத்தெருவில் போட்டிருப்பது சிமெண்ட், கம்பிக் கடை. களம் கட்டச் சிமெண்ட் எங்கிருந்து வரும்? அதானே பார்த்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்று இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கியது.

அவளிடம் பதினோரு கல் இருந்தது. ஆற்றுப்பாலம் கட்டியபோது மிச்சப்பட்டவை. பக்கத்தில் நெல் காயவைக்கும் செல்லதுரை, தன் கல்லைத் திருடிக்கொண்டு போகிறான் என்று அவளுக்கு நெடுநாள் சந்தேகம். அதனால் ஒவ்வொரு கல்லிலும் சுண்ணாம்பு தடவி வைத்தாள். மேலே தடவினால் திருடுகிறவன் கண்ணில் பட்டு, தேய்த்து அழித்துவிடுவானாம். எனவே அடிப்பக்கத்தில் தடவினாள். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்!

ஒரு சாயங்காலம் திடீரென்று மழைக்குக் கருக்கலிட்டது. அவசர அவசரமாக அள்ளி, சாக்கில் பிடித்து, தள்ளுவண்டியில் ஏற்றினாள். மூட்டையை மூன்று முறை எண்ணினாள். கல்லை எண்ணவில்லை.

ஐப்பசி மாதம் முழுக்க விடிவதற்கு முன் காவேரியில் குளிப்பது பஞ்சாபகேசன் சாரின் வழக்கம். மறுநாள் இருட்டுப் பிரியாத நேரம், துண்டும் சொம்புமாக மொபெட்டில் போனவர், அவளும் செல்லதுரையும் நெல் காயவைக்கும் இடத்தில் கிடந்த ஒரு கல்லில் ஏறி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பால்காரர் சத்தம் போட, முதலில் ஓடிவந்தது பர்வின். அவள்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்து தஞ்சாவூருக்கு அனுப்பிவைத்தாள்.

செய்தி வந்தபோது வள்ளியம்மை வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வாளியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடிக் கல்லை எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பத்துதான். சுண்ணாம்பை மேலே தடவியிருந்தால் வண்டி வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தவள் அழுதாள், உண்மைதான். ஆனால் அழுகைக்கு நடுவிலேயே அடுத்த யோசனையும் ஓடியது. வெங்கிக்குத் தெரிந்தால் நிலம் போச்சு. அதற்குள் பால்காரர் வந்து இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார்: “அந்தக் கல்ல கவுன்சிலரம்மா ஸ்கூட்டர்ல வச்சு எடுத்துட்டுப் போனாங்க.”

எதற்கு எடுத்துப் போனாள்? சுண்ணாம்பைப் பார்த்திருப்பாள். யாருடையது என்று தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? நேரம் பார்த்துத் திறப்பதற்கு. வள்ளியம்மைக்கு எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாகிவிட்டது.

வெங்கி அன்றே வந்து இறங்கி, போலீசில் புகார் கொடுத்தான். மழை விட்ட காலையில் அந்த இடத்தில் விரித்துக் கிடந்தது செல்லதுரையின் தார்ப்பாய். அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, காலையில் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். முதல் நாள் அப்படி. இரண்டாம் நாளும் அப்படி. வயலில் அவனுடைய மீதி நெல் அறுக்க ஆளில்லாமல் சாய்ந்து கிடந்தது. அவன் மனைவி வள்ளியம்மை வீட்டு வாசலோடு புலம்பிக்கொண்டே போனாள். வள்ளியம்மை கதவைச் சாத்திக்கொண்டாள். என் கல்லைத் திருடினவன்தானே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அது அவளுக்கே எடுபடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பர்வின் வந்தாள். கையில் அதே காகிதக் கட்டு.

‘விலை பேச வந்துவிட்டாள்’ என்று வள்ளியம்மை நினைத்தாள். மோர் கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை.

“போடறேன். எங்க வேணும்னாலும் போடறேன். அந்தக் கல்லத் திருப்பிக் குடுத்துடு.”

பர்வின் விழித்தாள். “எந்தக் கல்லுக்கா?”

“தெரியாத மாதிரி பேசாதம்மா. சார் விழுந்த கல்லு. நீதான் எடுத்துட்டுப் போனியாமே.”

“அதா? அங்க கெடந்த எல்லாக் கல்லையும் பொறுக்கி மதகுப் பக்கம் போட்டுட்டேங்க்கா. மறுபடி யாரும் விழுந்துடக் கூடாதில்ல. அது எது, இது எதுன்னு யாரு பார்த்தா?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். வள்ளியம்மையை நிமிர்ந்து பார்த்தாள். “அது உங்க கல்லாக்கா?”

முப்பது வருஷமாகப் பிறர் வாயைக் கிளறி விஷயத்தைப் பிடுங்கியவள், கேட்காமலே தன் வாயால் சொல்லிவிட்டு நின்றாள். இதைவிட மடத்தனம் வேறென்ன இருக்கிறது!

“செல்லதுரை அண்ணன் மூணு நாளா ஸ்டேஷன்ல உக்காந்திருக்காருக்கா” என்றாள் பர்வின்.

“தெரியும்.”

“நானா யாருகிட்டயும் சொல்லமாட்டேங்க. நீங்களே சொன்னாதான் நல்லது.”

சொல்ல மாட்டாளாம். வள்ளியம்மை அதை நம்பவில்லை. இன்றைக்குச் சொல்ல மாட்டாள், தேர்தல் வரும்போது சொல்லுவாள். ஆனால் செல்லதுரையின் மனைவி புலம்பிக்கொண்டு போனதும் காதில் இருந்தது. பயம் பாதி, வெட்கம் பாதி. எது முந்திக்கொண்டது என்று அவளுக்கே தெரியாது. பேனாவைப் பிடுங்கினாள்.

பர்வினின் காகிதத்தில் கட்டம் கட்டமாக இருந்தது: பெயர், வீட்டு எண், சாலையில் உங்களுக்கு நேர்ந்த விபத்து. மற்றவர்கள் முட்டி பெயர்ந்தது, கண்ணாடி உடைந்தது என்று எழுதியிருந்தார்கள். வள்ளியம்மை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: ‘பஞ்சாபகேசன் சார் விழுந்த கல் என்னுடையது. செல்லதுரை கல் இல்லை.’ கீழே கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

“இதுக்கு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடு,” என்றாள். “நாளைக்கு நான் வேற என்னமோ எழுதினேன்னு யாரும் சொல்லக் கூடாது. இன்னொண்ணு, களத்துக்கு உன் வீட்டுக்காரர் கடை சிமெண்டு வந்துச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்.”

பர்வின் அவளை ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்றை வள்ளியம்மை அன்றைக்கே ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனாள். செல்லதுரையை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளைத்தான் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, சார் கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போனாள். மழை வந்தது, இருட்டிவிட்டது, அள்ள ஒற்றை ஆள்தான்.

ஆஸ்பத்திரியில் பஞ்சாபகேசன் சாரின் கால் மாட்டில் அவர் மனைவி மதுரம் உட்கார்ந்திருந்தார். வெங்கி காகிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தான். படித்து முடித்ததும், “அப்பா, நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்தான். பஞ்சாபகேசன் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

“செல்லதுரையை எத்தனை நாள் உக்கார வச்சா?”

“மூணு நாள் சார்.”

“உனக்குத் தெரியுமோ?”

“தெரியும் சார்.”

“அந்த மூணு நாளும் நீ என்ன பண்ணிண்டிருந்தே?”

பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்த பதில் ஒன்றும் இந்தக் கேள்விக்கு ஒட்டவில்லை.

“நெல்லு காய வச்சேன் சார்.”

“எங்கே?”

“ரோட்டுலதான்.”

மதுரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இன்னும் என்னப்பா, நிலத்தை வித்துடலாம்” என்றான் வெங்கி.

“வேண்டாம். அவளை மாதிரி வயலைப் பாத்துக்கறதுக்கு ஆள் கிடைக்காது. அவளே பண்ணட்டும்.”

வள்ளியம்மை கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

“ஆனா வெங்கி, ஒரு நல்ல வக்கீலாப் பாத்து குத்தகைப் பத்திரம் எழுதிடு. எல்லாம் அதுல இருக்கட்டும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம்.”

“பத்திரம் எழுதினா அவங்களுக்குத்தாம்ப்பா பலம். அப்புறம் நாம நிலத்தை விட்டு எழுப்ப முடியாது.”

“இருந்துட்டுப் போகட்டும். இனிமே எனக்கு அவ வாய்ப்பேச்சு மட்டும் போறாது.”

குத்தகைப் பத்திரம் என்றால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கனவில்கூடக் கேட்கப் பயப்படுவார்கள். அது கையில் இருந்தால் வெங்கி என்ன, அவன் பிள்ளை வந்தாலும் அவளை அசைக்க முடியாது. அதெல்லாம் வள்ளியம்மைக்குத் தெரியும். தெரிந்தும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“பத்திரம் வேண்டாம் சார். பழையபடி வாயாலயே இருக்கட்டும் சார்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மதுரம் எழுந்து வந்து, “அவர் தூங்கட்டும், நீ போய்ட்டு வா” என்றார்.