ஹரிணி தொடாத ஸ்விட்ச்

இருளாயியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. எப்படிப் போச்சு என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். மிக்ஸி ஜாருக்குள் கைவிட்டுச் சட்டினியை வழித்துக்கொண்டிருந்தாளாம், பிள்ளை விளையாட்டாக ஸ்விட்சைப் போட்டுவிட்டதாம். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், பக்கத்தில் நிற்கும் ஹரிணியை ஒரு பார்வை பார்ப்பார்கள், போய்விடுவார்கள். சொல்லிச் சொல்லி இருளாயிக்கே அந்த மிக்ஸியின் நிறம்கூட மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அப்போது அவள் வீட்டில் மிக்ஸியே கிடையாது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்தவள் அவள். புருஷன் திருமலை கர்நாடக எல்லைக்கு அந்தப்புறம் அத்திப்பள்ளியில் ஒரு வெல்டிங் கடையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், துவைத்துப் போட்ட சட்டை காய்வதற்குள் கிளம்பிவிடுவான். பெரிய பெரிய கம்பெனிகளின் பெயரைச் சொல்லித்தான் தென்மாவட்டங்களிலிருந்து ஆள் கூட்டி வருவார்கள். வந்து சேருகிற இடம் என்னவோ அந்தக் கம்பெனிகளுக்குச் சில்லறைச் சாமான் செய்து தருகிற தகரக் கொட்டகையாக இருக்கும். இருளாயிக்கும் அப்படி ஒரு கொட்டகைதான் வாய்த்தது. கார் கதவுக்குப் போகிற இரும்புத் துண்டுகளைப் பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தி வளைக்கிற வேலை. ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர் ராமப்பன், பக்கத்திலேயே பேரிகை என்கிற ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், கூலி பேசும்போது தமிழ் என்று மூன்றும் அவருக்குச் சரளம்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக யாரோ புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு. ஆனால் அதன்படி வேலை செய்தால் கேட்ட உருப்படி வராது. அதனால் ஒரு பட்டனை அழுந்தினபடியே டேப் சுற்றி ஒட்டி வைத்துவிட்டார்கள். ஒரு நாள் இருளாயி துண்டைச் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கும்போது இடது கை மற்றொரு பட்டனில் பட்டுவிட்டது. கத்தக்கூட அவளுக்கு நேரமில்லை.

ராமப்பன்தான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சீட்டில் ரத்தம் படுமே என்று சாக்கு விரித்ததையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டியதுதான். மிக்ஸிக் கதையைப் போகிற வழியிலேயே ஜோடித்துக் கொடுத்தவரும் அவர்தான். வேலையிடத்தில் நடந்தது என்றால் போலீஸ் வரும், கொட்டகைக்குப் பூட்டு விழும், அத்தனை பேர் பிழைப்பும் போகும் என்றார். வீட்டில் நடந்ததாகச் சொன்னால் வைத்தியச் செலவு அவருடையது, ஆறின பிறகு பேக்கிங்கில் உட்கார்ந்துகொள்ளலாம், கொட்டகை உள்ளவரை வேலை உண்டு. அந்த வலியிலும் இருளாயிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜாருக்குள் கை இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டது யார் என்று கேட்டால் என்ன சொல்வது?

"உனக்குச் சின்னக் கொழந்த இருக்குதில்ல?" என்றார் ராமப்பன். "கொழந்த மேல எவன் கேஸ் போடப் போறான்?"

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுந்ததற்கும் நசுங்கினதற்கும் வித்தியாசம் தெரியாமலா அவர் படித்து வந்திருப்பார்? தெரிந்துதான் இருக்கும். சொன்னதை எழுதிக்கொண்டு தையல் போட்டார். ஹரிணிக்கு அப்போது நான்கு வயதுகூட நிறையவில்லை.

ராமப்பன் சொன்ன சொல் தவறவில்லை. இருளாயி இன்றைக்கும் அதே கொட்டகையில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று விரல் கையைப் பார்த்துவிட்டு வேறு எந்த கேட்டில் உள்ளே விடுவார்கள்? இரண்டு மூன்று இடத்தில் கேட்டும் பார்த்தாள். கையைப் பார்த்த மாத்திரத்தில், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கப்புறம் அவள் எங்கும் போகவில்லை.

ஹரிணி இப்போது மூன்றாம் வகுப்பு, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். அவளுடைய டீச்சர் ஜெபசீலி பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கத்திப் பாடம் ஒப்பிக்க விடுகிற ரகமில்லை. நீளத்தைப் பற்றிய பாடம் என்றால் வராந்தாவைக் காலடியால் அளக்கவேண்டும். எடை என்றால் தேங்காய்ச் சிரட்டையில் தராசு கட்டிப் புளியங்கொட்டையை நிறுக்கவேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா என்று ஆளுக்கொரு பாஷை பேசிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதைவிடக் கையில் கொடுப்பது சீக்கிரம் ஏறும் என்பது அவர் கட்சி. அந்த வகுப்பு எப்போது பார்த்தாலும் சந்தை மாதிரிதான் இருக்கும். ஹரிணிக்கு அந்தச் சந்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. காய்ச்சல் என்றாலும் லீவு போடமாட்டாள்.

ஒரு நாள் ஜெபசீலி பேட்டரி, ஒயர், சின்ன பல்பு, ஸ்விட்ச் எல்லாம் கொண்டுவந்து தரையில் பரப்பினார். ஆளாளுக்கு ஒரு தடவை ஸ்விட்சைப் போட்டு பல்பை எரியவைக்கவேண்டும். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். ஹரிணி மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள். ஷாக் அடிக்காது என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார், தானே போட்டுக் காட்டினார், விரலைப் பிடித்து வைக்கப் போனார். பிள்ளை அழுதுவிட்டது. சாயங்காலம் கூப்பிட வந்த இருளாயியிடம் இதை டீச்சர் சொன்னபோது அவள் சிரித்தாள். வீட்டிலும் அப்படித்தான், லைட் போடக்கூட அம்மாவைத்தான் கூப்பிடும், பிறவியிலேயே பயந்த சுபாவம் என்றாள். சேட்டை இல்லாத பிள்ளை என்று உள்ளூர அவளுக்குப் பெருமைதான்.

பள்ளியில் பெற்றோர் தினம் வந்தது. அதற்காக ஜெபசீலி கைகளை வைத்து ஒரு பாடம் யோசித்தார். ஒவ்வொரு பிள்ளையும் அம்மா அல்லது அப்பாவின் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரித்து எடுத்துவர வேண்டும். எல்லாக் கைகளையும் வரிசையாக ஒட்டி ஐந்தாம் வாய்ப்பாடு படிக்கலாம். கடைசியில் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையைப் பற்றி நாலு வரி பேசவேண்டும். மனப்பாடம் கூடாது, சொந்தமாகத்தான் பேசவேண்டும்.

ஹரிணி தாளைத் தரையில் விரித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். இருளாயி இடது கையை வைத்தாள். ஹரிணி அதை எடுத்துவிட்டு வலது கையை இழுத்து வைத்தாள். வேலை செய்யும் கை என்றுதான் டீச்சர் சொல்லியிருந்தார்களாம். வாய்ப்பாட்டுக்கு ஐந்து வேண்டுமே, மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று இருளாயி சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கேட்கவில்லை. பென்சில் கட்டைவிரலைச் சுற்றி ஏறி இறங்கி வந்தது. விரல் இல்லாத இடத்துக்கு வந்ததும் மெதுவாயிற்று, புண் இன்னும் ஆறவில்லை என்பதுபோல. ஹரிணி அந்த இடத்தை ஒரு தரம் ஊதிவிட்டுப் பிறகு வரைந்தாள். என்ன பழக்கம் இது என்று இருளாயிக்குச் சிரிப்பு வந்தது. அப்போதும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பெற்றோர் தினத்தன்று அரை நாள் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்தாள். வாசலில் புதிதாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வைத்திருந்தார்கள். நன்கொடை ராமப்பன் என்று பாதி மெஷின் அகலத்துக்கு எழுதியிருந்தது. அவரையே சிறப்பு விருந்தினராகவும் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போர்த்திக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருளாயியைப் பார்த்துத் தலையசைத்தார். தன் ஆள் ஒருத்தி வந்திருக்கிறாள் என்ற நல்ல மனசோடுதான் அசைத்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். இது எங்கப்பா கை, லாரி ஓட்டும். இது எங்கம்மா கை, ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும், முள் குத்தும். எல்லோரும் கை தட்டினார்கள். ஹரிணி வந்து மூன்று விரல் தாளைத் தூக்கிப் பிடித்தாள். குரல் நடுங்காமல் நன்றாகவே வந்தது.

"இது எங்கம்மா கை. இதுல மூணு வெரல்தான் இருக்குது. மிச்சம் ரெண்டு வெரல் என்னாலதான் போச்சு. நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப மிக்ஸி ஸ்விட்ச்ச போட்டுட்டேன். அதனால இப்ப எந்த ஸ்விட்ச்சையும் தொட மாட்டேன். எங்கம்மா என்னைய அடிக்கவே இல்ல. ஒரு நாள்கூட அடிக்கல."

யாரும் கை தட்டவில்லை. ஜெபசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். வீட்டில் லைட் போட அம்மாவைக் கூப்பிட்டது, சுவரோடு நின்று அழுதது, தாளில் வரையும்போது ஊதினது, எல்லாம் இருளாயியின் மனதில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இத்தனை வருஷமாகத் தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த பொய்யைக் கேட்டு வளர்ந்தது ஒரே ஒரு ஆள்தான் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. எழுந்து நின்று, அது இல்லை, அது பொய் என்று சொல்லவேண்டும். எழுந்தும் நின்றுவிட்டாள்.

அதற்குள் ராமப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவந்து ஹரிணியின் தலையில் கை வைத்தார். பரிசுக்கு வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸ்களில் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"விடு பாப்பா. தெரியாம செஞ்சதுக்குச் சாமி மன்னிச்சிரும்," என்றார்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து, நின்றுகொண்டிருந்த இருளாயியைப் பார்த்தார். தான் ஜோடித்த கதை என்பதே அந்த மனுஷனுக்கு மறந்துபோயிருந்ததோ, மறக்காமல்தான் சொன்னாரோ தெரியாது. பார்வை மட்டும் அவள்மேலேயே இருந்தது. இருளாயி உட்கார்ந்துவிட்டாள். கோழை என்று அவளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு எரிவது அந்த டேப் ஒட்டுகிற வேலையால்தான்.

கூட்டம் முடிந்து இருவரும் நடந்தார்கள். கம்பெனி பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஹரிணி ஜாமெட்ரி பாக்ஸை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு புளியமரத்தடியில் இருளாயி அவளை நிறுத்தி எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு சின்னப் பிள்ளையின் வாயில் இது தங்காது, நாளைக்கே ராமப்பன் காதுக்குப் போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"நீ போடல கண்ணு. மிக்ஸி எல்லாம் பொய்யி. அம்மா வேல பாக்குற எடத்துல மிஷின்ல மாட்டிக்கிருச்சு. நம்ம வீட்ல அப்ப மிக்ஸியே கெடையாது."

ஹரிணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நான் போடலியா?"

"நீ போடல."

"அப்புறம் ஏன் என்னையச் சொன்ன?"

வேலைக்காக என்றாள் இருளாயி. நிஜத்தைச் சொன்னால் அந்த அண்ணன் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றாள். எந்த அண்ணன் என்று பிள்ளை கேட்டது. இருளாயி ஜாமெட்ரி பாக்ஸைப் பார்த்தாள். ஹரிணியும் குனிந்து அதைப் பார்த்தாள். அதற்கப்புறம் அதை ஆட்டவில்லை.

கொஞ்ச தூரம் போனபிறகு ஹரிணி கேட்டாள்.

"நாளைக்கி டீச்சர்கிட்ட மாத்திச் சொல்லட்டுமா?"

சொல் என்று சொல்லத்தான் இருளாயி வாயெடுத்தாள். வாடகை, அரிசி, கேட்டில் கையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிய செக்யூரிட்டி, எல்லாம் கண்முன் வந்து நின்றன. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். பிள்ளை பதிலுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே முடிவு செய்துகொண்டது.

"சரி விடும்மா. கேட்டா நான்தான் போட்டேன்னே சொல்லிக்கறேன்."

அவர்கள் இருப்பது வரிசை வீடுகளில் ஒன்று. ஜன்னல் கிடையாது, பகலிலும் உள்ளே இருட்டுத்தான். கதவைத் திறந்ததும் ஹரிணி வழக்கம்போல ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். இருளாயி நகரவில்லை. இனிமேல் நீயே போடலாம், உனக்கு என்ன பயம் என்று சொல்லி, இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை கையை நீட்டியது. விரல் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"வேணாம்மா," என்றாள் ஹரிணி. "பழகிப்போச்சுன்னா ஸ்கூல்லயும் மறந்து போட்டுருவேன்."

இருளாயி அவளைக் கீழே இறக்கிவிட்டு, தன் கையாலேயே லைட்டைப் போட்டாள்.