நான் வடிகட்டிய முனகல்

ஹனோவரில் நான் குடியிருந்த அறையில் கட்டிலைவிட ஸ்பீக்கர்களுக்குத்தான் நல்ல இடம். ஜன்னலுக்கு இரு பக்கமும், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு முக்காலி போட்டு அவற்றை நிறுத்தியிருந்தேன். கட்டில் கதவோரம் ஒடுங்கிக் கிடந்தது. காலை நீட்டினால் அலமாரியில் இடிக்கும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் பாளையங்கோட்டையிலிருந்து ஆராய்ச்சி மாணவனாக அங்கே போனேன். பல்கலைக்கழகத்தில் ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. பகலெல்லாம் ஒலியை அளப்பேன், சாயங்காலம் அறைக்கு வந்து மறுபடி ஒலியை அளப்பேன். முதலில் ஒரு டர்ன்டேபிள், பிறகு ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர்கள், கடைசியாக ஒரு ரீல் டேப் ரிக்கார்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அந்த ரிக்கார்டர் ஒரு மூட்டை அரிசி கனம். டிராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் இரண்டு நாள் தொடை வலித்தது.

எனக்கு நல்ல காது என்று எனக்கே ஒரு நினைப்பு. மற்றவர்களும் அப்படியே சொல்லிச் சொல்லி அது தலைக்கு ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த ஊரில் படித்துக்கொண்டிருந்த நாலைந்து தமிழ் மாணவர்கள் என் அறைக்கு வருவார்கள். யாராவது புது ரேடியோவோ பழைய ஸ்பீக்கரோ வாங்க நினைத்தால் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அவர்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "கீழ்ஸ்தாயி தொளதொளவென்று இருக்கிறது" என்றோ "மோட்டர் ஆடுகிறது" என்றோ நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. இப்போது நினைத்தால் அந்த மிதப்பைக் கண்டு எனக்கே எரிச்சல் வருகிறது.

இதற்கென்று ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தேன். கேட்ட ஒவ்வொரு கருவிக்கும் நாடாவுக்கும் அதில் ஒரு பக்கம். வேகம், இரைச்சல், தெளிவு, முனகல் என்று தலைப்புப் போட்டு எழுதுவேன். முனகல் என்றால் கரண்டில் ஓடும் கருவிகளின் அடியில் 'ம்ம்ம்' என்று ஓயாமல் கேட்கும் சத்தம். பாட்டுக்குப் பின்னால் சுருதிப்பெட்டி ஒலிப்பதுபோல அது இருந்துகொண்டே இருக்கும். ஒலிப்பிரியர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது, எனக்கும் ஆகாது. அதை மட்டும் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் நானே செய்து கொண்டுவந்திருந்தேன். எந்த நாடா வந்தாலும் முதலில் அந்த வடிகட்டியில் விட்டுத்தான் கேட்பது என் பழக்கம்.

என் காதை முதலில் மெச்சியவள் என் அக்கா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சர்ச் குவயரில் மேல் குரல் பாடுகிறவள். கண்ணாடியில் விரல் நகத்தால் சுண்டின மாதிரி ஒரு குரல். ஒத்திகையில் யாராவது சுருதி விலகினால் திரும்பி என்னைத்தான் பார்ப்பாள். நான் ஆளைக் காட்டிக்கொடுப்பேன். "தம்பி காது தப்பாது" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நான் ஒலியியல் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை ஊருக்குப் போனபோது அவளுக்கு ஒரு சின்னக் கேசட் ரிக்கார்டர் வாங்கிப் போனேன். பாட்டரியில் ஓடும். பாட்டரிக்குப் பதில் வீட்டுக் கரண்டில் ஓட்டுவதற்கு எலிமினேட்டர் என்று ஒரு டப்பா உண்டு, அதை அத்தான் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து கடிதம் எழுதுவதை விட்டுவிட்டுக் கேசட்டில் பேசி அனுப்ப ஆரம்பித்தோம். முதல் கேசட்டில் எனக்கு வீட்டுச் சமாசாரம் எல்லாம் சொல்லி, நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரியம்மாளுக்காக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டும் பாடி அனுப்பியிருந்தாள். கணவனை இழந்து தனியாக இருந்த அந்த ஜெர்மன் அம்மாள், ஒரு சொல்லும் புரியாமல், அந்தப் பாட்டை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார்.

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, ஏப்ரல் மாதத்தில் ஒரு கேசட் வந்தது. மேசையில் இருந்த கேசட் கருவியில் சும்மா போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே முனகல், வழக்கம்போல. அதற்கு மேலே அக்கா பேசினாள். குரல் கனத்து, இழுத்து இழுத்து வந்தது.

"தம்பி, சும்மா ஒண்ணு கேக்கேன். குவயர்ல மேல் குரல் எட்டவே மாட்டேங்கு. என்னைப் பின்வரிசையில கீழ்க் குரல்காரிகளோட உட்கார வச்சுட்டாங்க. அத்தானுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையாம். தினமும் கேக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கிட்ட என் பழைய கேசட் இருக்குல்லா. ரெண்டையும் போட்டுப் பாத்து என் குரல் எப்படிக் கேக்குன்னு சரியாச் சொல்லு. டாக்டர்ட்ட போகணுமா வேண்டாமான்னு யோசனையா இருக்கு. நீ சொன்னா நம்புவேன்."

துவைத்த துணியைக் கொடுக்க வந்த வீட்டுக்காரியம்மாள் கதவருகே நின்றுவிட்டார். "உங்கள் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்லையே. ஏன் கேட்கிறீர்கள்?"

"களைத்துப்போன குரலாக இருக்கிறது. முன்பு பாடினவரா இவர்?"

நான் சிரித்துக்கொண்டே அவரை உட்காரவைத்து, ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். ஊரில் இருக்கும் ரிக்கார்டர் பதியும்போது வேகமாக ஓடியிருந்தால், இங்கே சரியான வேகத்தில் போடும்போது குரல் தாழ்ந்தும் மெதுவாகவும் கேட்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அப்படியா, உங்களுக்குத்தான் தெரியும்" என்று துணிக்கூடையை வைத்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் ஒப்புதல் இல்லை என்பதைக் கவனித்தேன். படித்திராதவர், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா கேட்டபடி இரண்டு கேசட்டையும் ஒப்பிட்டேன். அலட்சியமாகச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று. இரண்டையும் முதலில் வடிகட்டியில் விட்டு முனகலை அகற்றி, பெரிய ரீலுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு அளந்தேன். புதுக் கேசட்டில் அவள் குரல் ஏறக்குறைய அரை ஸ்வரம் தாழ்ந்திருந்தது. பேச்சும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மெதுவாகியிருந்தது. இந்த இடத்தில்தான் என் மூளை துள்ளிக் குதித்தது. தொண்டையில் கோளாறு என்றால் குரல் மட்டும்தானே தாழ வேண்டும்? குரலும் வேகமும் சேர்ந்து இறங்கினால் அது மோட்டரின் குற்றம். பாட்டரி தளர்ந்திருந்தால் குரல் கீச்சென்று கேட்டிருக்கும். இங்கே நேர்மாறு, அதனால் எலிமினேட்டர் கூடுதல் மின்சாரம் கொடுக்கிறது. அப்படியே முடிவுகட்டினேன்.

அதோடு விட்டேனா? ரீல் ரிக்கார்டரில் நாடாவை இழுத்து ஓட்டும் எஃகுத் தண்டு ஒன்று உண்டு. அதில் மெல்லிய ஒட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு சிறிது பருக்கும், நாடா அந்த அளவுக்கு வேகமாக ஓடும். சுற்றி, ஓடவிட்டேன். அக்காவின் பழைய குரல் வந்துவிட்டது. மேலே ஏறி, சுறுசுறுப்பாக, "தம்பி" என்று கூப்பிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பர்களுக்கு முன்னும் பின்னும் போட்டுக் காட்டினேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற மெஷினின் நோயைக் காதாலேயே கண்டுபிடித்துவிட்டீர்களே என்றார்கள். நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். வேகம்: நூற்றுக்கு ஐந்து அதிகம். முனகல்: மிக மோசம். குறைபாடு: எலிமினேட்டர்.

அக்காவுக்கும் கடிதம் எழுதினேன். கேசட்டில் பேசினால் விளக்க முடியாதென்று தாளை எடுத்தேன். மோட்டர் எப்படி ஓடுகிறது, மின்சாரம் கூடினால் என்ன ஆகும் என்று படம் போட்டு நான்கு பக்கம். உன் குரலில் ஒரு குறையும் இல்லை, நாற்பதைத் தாண்டினால் உச்சக் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், எலிமினேட்டரைக் கழற்றிப் பரணில் போடு, பாட்டரியில் பேசு என்று முடித்தேன். அவளிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. பயம் போச்சு, நல்ல பாட்டரி கிடைத்ததும் பேசுகிறேன் என்று.

பிறகு கேசட் வரவில்லை. கடிதங்கள் வந்தன, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறியது. பள்ளிக்கூட வேலை அதிகம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். நானும் புது ஸ்பீக்கர் வாங்கும் மும்முரத்தில் இருந்தேன். அதை மறைப்பதில் என்ன லாபம்?

டிசம்பரில் அக்கா இறந்துவிட்டாள் என்று தந்தி வந்தது. மறுநாள் நான் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தபோதே, அடக்கம் முடிந்துவிட்டது என்று இரண்டாவது தந்தியும் வந்துவிட்டது. வீட்டுக்காரியம்மாள் கறுப்பு உடை உடுத்திக்கொண்டு வந்து, என் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏப்ரலில் தான் கேட்டதைப் பற்றி அன்றும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

பிப்ரவரி மாதம் அத்தானின் கடிதம் வந்தது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கொஞ்சங் கொஞ்சமாக வேலையை நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறது. முகம் ஊதி, எப்போதும் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டு, நடை தளர்ந்து, கடைசியில் மழைக்காலத்தில் நினைவு தப்பிவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "குரல் கனத்துப் பேச்சு மெதுவானது எப்போதிலிருந்து?" என்பதுதானாம். அது தெரிந்த அன்றே வந்திருந்தால் தினம் ஒரு மாத்திரையில் சரிப்படுத்தியிருக்கலாம் என்றாராம். அத்தான் யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். "டாக்டர்ட்டப் போவோம்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன். தம்பியே சொல்லிட்டான், மெஷின்தான், எனக்கு ஒண்ணுமில்லைன்னு உன் கடிதத்தை எடுத்துக் காட்டினாள்" என்று ஒரு வரி இருந்தது.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இந்தமுறை வடிகட்டி இல்லை. அக்கா பேசத் தொடங்குவதற்கு முன்னால் கேட்கும் அந்த முனகலை மட்டும் அளவுக் கருவியில் விட்டேன். வீட்டுக் கரண்டின் முனகலுக்கு ஒரே சுருதிதான் உண்டு, நொடிக்கு ஐம்பது துடிப்பு. பாளையங்கோட்டையிலும் ஐம்பது, ஹனோவரிலும் ஐம்பது. அக்காவின் ரிக்கார்டர் வேகமாக ஓடியிருந்தால் அவள் குரலோடு சேர்ந்து முனகலும் இறங்கியிருக்க வேண்டும், நாற்பத்தேழரைக்கு வந்திருக்க வேண்டும். முள் ஐம்பதில் நின்றது. மூன்று தரம் ஓட்டினேன், மூன்று தரமும் அங்கேயே நின்றது. பழைய கேசட்டைப் போட்டாலும் அதே ஐம்பதுதான்.

மெஷினில் ஒரு குற்றமும் இல்லை. எலிமினேட்டரும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு அந்த நாடாவில் இருந்தது முனகல் ஒன்றுதான். குப்பை என்று அதைத்தான் நான் முதலில் கூட்டித் தள்ளியிருந்தேன். காது இருந்தது, கருவி இருந்தது, படிப்பு இருந்தது, கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை. துணிக்கூடையோடு வந்து நின்ற அம்மாளுக்குத் தெரிந்தது.

அறைக்குத் திரும்பி ரீல் ரிக்கார்டரின் தண்டில் சுற்றியிருந்த ஒட்டுநாடாவைப் பிய்த்தேன். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபின் தொடாமலே கிடந்த பத்து மாதத்தில் அது இறுகிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. பிறகு, ஏப்ரலில் வந்த அந்தக் கேசட்டை வந்தபடியே போட்டேன். முனகலும், அதற்கு மேல் இழுத்து இழுத்துப் பேசுகிற அக்காவும். "என் குரல் எப்படிக் கேக்குன்னு சரியாச் சொல்லு" என்ற இடத்தில் நிறுத்தினேன்.

நோட்டை எடுத்து ஏப்ரலில் எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்தேன். அதன் கீழே எழுதினேன். மெஷின் சரி. அக்கா, உனக்குத்தான் உடம்பு சரியில்லை, உடனே டாக்டரிடம் போ.

ஏர்மெயில் தாளில் எழுதியிருந்தால் கால் பக்கம்கூட நிறைந்திருக்காது. நான் எழுதி அனுப்பியது, படத்தோடு, நான்கு பக்கம்.