மணிக்கட்டில் இரண்டு விரல்கள்

பௌர்ணமி மாலை. அடி அண்ணாமலை டீக்கடை ஓரமாக அவர் நின்றிருந்தார். நரைத்த தாடி, வெறுங்கால், மூடிய கண்கள். இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிரிவலம் வந்த ஒரு பெண், சாமியார் என்று நினைத்துக் காலில் விழுந்தாள். பதறிப்போய் அவள் தலையைத் தொட்டு அனுப்பிவைத்தார்.

“ஜபம் இல்லீங்க, நாடி பாக்கறேன்,” என்றார் என்னிடம். “அந்தம்மாவால எண்ணிக்கை தப்பிப்போச்சு.”

இதயத்தின் மேலறையில் துடிப்பு தாறுமாறாக ஓடியதாம். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை செலுத்தி, கோளாறான இடத்தைச் சுட்டுவிட்டார்களாம்.

“எனக்கும் அடுத்த வாரம் அதேதான். இப்போ உங்களுக்குச் சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சுங்க. டாக்டரும் அதான் சொல்றாரு. முன்னல்லாம் ஜாஸ்தியா அடிச்சிக்கும், உயிரு இருக்குதுன்னு தெரியும். இப்போ சத்தமே காணோம். அதான் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தவர், அடுத்த விளக்குக் கம்பத்தடியில் மறுபடி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

என் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. போன பௌர்ணமிக்கு அதே பாதையில் சற்று நின்றேன். கண்ணைத் திறந்தால், ஒரு பெரியவர் என்னைக் கும்பிட்டபடி எதிரே நிற்கிறார்.

எண்ணிக்கை தப்பிப்போயிற்று.