கலாதேவியின் கார் நிற்காது

மலேசியாவின் கோப்பெங்கில் கலாதேவியைத் தெரியாதவர்களுக்கும் அவள் காரைத் தெரியும். அது நிற்காத கார். பிரேக் எல்லாம் நன்றாகவே பிடிக்கும். நின்றால்தான் வம்பு. ஓடும்போது சூட்டைக் காட்டும் முள் பாதியில் சமத்தாக உட்கார்ந்திருக்கும். ஏதாவது சிவப்பு விளக்கில் நாலு நிமிஷம் நின்றால் போதும், சாமி வந்த மாதிரி எழுந்து உச்சிக்குப் போய்விடும். பிறகு பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி.

அதனால் அவள் நிற்காமல் ஓட்டப் பழகிக்கொண்டாள். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டாலே ஆமையாகிவிடுவாள். பின்னால் ஹாரன் அடிப்பவர்களை ஒரு கையால் கும்பிடுவாள். விளக்குக்குப் பயந்து ஈப்போவில் மூன்று தாமான் குடியிருப்புகளைச் சுற்றிக்கொண்டு போவாள்.

அத்தனையும் அக்கா முத்தம்மாவுக்காக. ரப்பர் தோட்டம் இருந்தவரை பால்மரம் வெட்டியவள் முத்தம்மா. தோட்டத்தை விற்றார்கள், அவளுடைய கிட்னி இரண்டும் போயின. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவள் சேர்த்துத்தான் சொல்வாள். வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் நாலு மணி நேர டயாலிசிஸ். போன தீபாவளிக்கு ஒரே ஒரு தடவை போகாமல் இருந்ததற்கே கால் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்தது.

அப்படிப்பட்ட முத்தம்மா வியாழக்கிழமை நடுரோட்டில் ஆவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: "இன்னொரு தடவ இது வழியில கொதிச்சா, நான் வரமாட்டேன்லா. வீட்டுலயே கெடக்கிறேன்."

முத்தம்மா சும்மா சொல்கிற ஆள் இல்லை.

மறுநாளே கலாதேவி காரை உஸாமாவிடம் கொண்டுபோனாள். உஸாமா அந்த வட்டாரத்தில் பேர்போன போமன், கார் மெக்கானிக். எந்தக் காரையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான் என்பார்கள். இந்தக் கார் அவனையும் சோதித்தது. ரேடியேட்டரைக் கழுவினான். அதன் மூடியை மாற்றினான். தெர்மோஸ்டேட்டை மாற்றினான். தண்ணீர் பம்பை மாற்றினான். அரை மணி நேரம் நிற்கவைத்துப் பார்த்தான். கொதித்தது.

"ஒண்ணும் புரியலக்கா. விசிறி சுத்துது. எனக்கும் தல சுத்துது. அந்த விசிறிய ஒரு தடவ கழட்டிப் பாக்கவா?"

"அத மட்டும் தொடாத. அது நான் மாட்டினது."

அவளுக்குத் தன் கைமேல் கர்வம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ரேடியேட்டரைக் குளிரவைக்கும் பழைய விசிறியின் மோட்டார் எரிந்துபோனபோது, பழைய சாமான் கடையில் வேறொரு மோட்டாரை வாங்கினாள். அதன் பிளக் சேரவில்லை. வயரை வெட்டி, அவளே இணைத்து டேப் சுற்றினாள். மின்னணுத் தொழிற்சாலையில் பதினாலு வருஷம் வயர் பிடித்த கை. நீலத்துக்கு நீலம், கறுப்புக்குக் கறுப்பு. அந்தப் பதினாலு வருஷத்தில் அவள் பெட்டியிலிருந்து ஒரு சாமானும் தவறென்று திரும்பி வந்ததில்லை.

கடைசியில் டயருக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாள். பழம்தான் நசுங்கியது.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது ரோட்டில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமையாகப் போகவும் வழியில்லை. முள் எழுந்தது. கலாதேவி ஒரு மரத்தடியில் ஒதுக்கி, பானட்டைத் தூக்கினாள். விசிறி வெறிபிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் என்னதான் கேடு இதற்கு?

கதவு திறந்தது. முத்தம்மா இறங்கி நடந்தாள்.

"எங்கக்கா போற? பஸ்ஸுக்கா?"

"பஸ்ஸு எங்கடி இருக்கு இங்க? குளிருது. முன்னால நிக்கப் போறேன்."

"இந்த வெயில்லயா குளிருது?"

"ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள விட்டா உனக்கும் குளிரும்." முத்தம்மா காருக்கு முன்னால் நின்று, அடுப்பில் காய்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். "ரெண்டு மாசமா இந்த ஒரு சொகம்தான் எனக்கு. காரு மூஞ்சிலேருந்து என்னமா சூடா காத்து வருது!"

கலாதேவி சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

மூஞ்சியிலிருந்தா?

காற்று அந்தப் பக்கமாகத்தானே உள்ளே போகவேண்டும்?

கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து முன் கம்பியில் வைத்தாள். ஒட்டவேண்டிய டிஷ்யூ பறந்து வந்து அவள் மூக்கில் மோதியது. டயாலிசிஸ் அட்டையை வைத்தாள். அதுவும் திரும்பி வந்தது. விசிறி சுற்றத்தான் சுற்றியது, ஆனால் தலைகீழாக. ஓடும்போது ரோட்டுக் காற்று உள்ளே புகுந்து காப்பாற்றியிருக்கிறது. நின்றால் இந்தப் பிசாசு எஞ்சின் சூட்டையெல்லாம் இழுத்து ரேடியேட்டருக்கே ஊதியிருக்கிறது. அந்தப் பழைய மோட்டாருக்கு நீலம் வேறு அர்த்தம்போல; வயர் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

"அக்கா, என்னை ரெண்டு அறை அறையேன்."

"கையில ஊசி போட்ட எடம் வலிக்குது. அப்புறம் அறையறேன்."

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, நகம் வெட்டும் கத்தரியால் டேப்பைப் பிரித்தாள். நீலத்தைக் கறுப்போடு சேர்க்கும்போது விரல் கூசியது. மறுபடி டேப் சுற்றி, ஆறின ரேடியேட்டரில் குறைந்திருந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, சாவியைத் திருப்பினாள். முள் ஏறியது. விசிறி கிளம்பியது. டிஷ்யூ போய்ப் பச்சக்கென்று கம்பியில் ஒட்டிக்கொண்டது. முள் இறங்கியது. கால் மணி நேரம் நின்றே பார்த்தார்கள். பாதிக்கு மேல் ஏறவில்லை.

"செவ்வாக்கெழம வருவேல்ல?" கலாதேவி முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

முத்தம்மா காருக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தாள்.

"காத்தயே காணோமே."

"இனிமே அங்க வராதுக்கா."

"இருந்த ஒரு சொகத்தயும் கெடுத்துட்டியா? சரி, வாரேன். ஒரு போர்வ எடுத்து வை."

அடுத்த சிவப்பு விளக்கில் கலாதேவி நின்றாள். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததில் விளக்குப் பச்சையானதைக் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் கும்பிடவில்லை.